காற்றுத்திரையும் களஞ்சியக் கதவும்

பெரும்போக அறுவடை முடிந்து நெல் மூடைகள் வீடு வந்து சேர்ந்ததும் தமது கவலை தீர்ந்ததெனக் கமக்காரர் பலர் எண்ணுகின்றனர். வயலில் நின்ற பயிருக்குச் செய்த காவல் அன்றோடு முடிகின்றதென்பது உண்மையே. ஆயின், களஞ்சியத்திற் கிடக்கும் விளைவுக்குச் செய்யவேண்டிய காவல் அன்றுதான் தொடங்குகின்றது. பங்குனியில் அடுக்கி வைத்த மூடையை ஆவணியில் அவிழ்க்கும்போது, வைக்கோல் நிறமான சிறு அந்துப்பூச்சிகள் மேலெழுந்து பறப்பதும், கையில் அள்ளிய மணிகளிற் சில துளைபட்டு வெறும் உமியாய் இருப்பதும் மாத்தளை மாவட்டத்துக் கமக்காரர் அறியாத காட்சிகளல்ல. ஆறு மாதப் பாட்டின் பயனை ஒரு விரற்கடை நீளமுமில்லாத பூச்சி தின்றுவிடுவது எவருக்கும் மனவருத்தத்தைத் தரும்.

இப்பூச்சிகளைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாகக் காற்றுத்திரை என்னும் கருவி இப்போது பேசப்படுகின்றது. நகரத்து உணவுச்சாலைகளிலும் மருந்துக் கடைகளிலும் வாயிலின் மேலே ஒரு நீண்ட பெட்டி பொருத்தப்பட்டிருப்பதையும், அதன்கீழே செல்லும்போது தலைமேற் பலத்த காற்று வீசுவதையும் உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். "கடையில் ஈயைத் தடுக்கும் இக்கருவி எமது நெற்களஞ்சியத்தில் அந்துப்பூச்சியைத் தடுக்காதா? மரக்கறி சேர்க்கும் கொட்டகைக்கு இதனைப் பூட்டினால் என்ன?" என்று கமக்காரர் வினவுவது இயல்பே. இவ்வினாவுக்கு எமது கருத்தை மறைக்காது கூறுகின்றோம். சுவரும் கூரையும் யன்னலும் செப்பமாயுள்ள கட்டடத்துக்குக் காற்றுத்திரை நல்லதொரு வாயிற்காவலாளி. ஓட்டைகள் மலிந்த கட்டடத்துக்கு அது வீண் செலவு. தனிக் கமக்காரரின் பணம் அதனிற் செல்லலாகாது. பலர் கூடி நடத்தும் நிலையங்கள் சிலவற்றில் மட்டும் அதற்கு உரிய இடமுண்டு. இக்கருத்துக்கு ஆதாரமான காரணங்களைக் கீழே காண்க.

காற்றுத்திரை வேலை செய்யும் விதம்

காற்றுத்திரையின் தத்துவம் எளியது. வாயிலின் மேலுள்ள பெட்டிக்குள் மின்மோட்டாராற் சுழலும் விசிறி ஒன்றுண்டு. அது காற்றை உள்ளிழுத்து, வாயிலின் அகலம் முழுவதும் நீண்டிருக்கும் ஒடுங்கிய பிளவின் வழியே கீழ்நோக்கிச் செலுத்துகின்றது. இவ்வாறு இறங்குங் காற்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு தாளைப்போல வாயிலை மறைத்து நிற்கும். மனிதரும் வண்டியும் அதனைக் கடந்து செல்லலாம்; பறக்கும் பூச்சி அதனுட் புகுந்தால் கீழும் வெளியுமாகத் தள்ளப்படும். சுழற்கதவை ஆக்கிய தியோபிலஸ் வான் கனெல் என்னும் அமெரிக்கரே 1904 ஆம் ஆண்டில் இக்கருவிக்கும் காப்புரிமை பெற்றவர் என்பர். ஆகவே இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று.

பூச்சியைத் தடுப்பதற்கு எவ்வளவு வேகமான காற்று வேண்டும்? உணவு கையாளும் கட்டடங்களின் பண்டவாயில்களுக்கு ஐக்கிய அமெரிக்காவிற் கைக்கொள்ளப்படும் நியமம், நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில் அளக்கும்போது நிமிடத்துக்கு 1,600 அடி வேகம் இருத்தல் வேண்டும் என்கின்றது. இது செக்கனுக்கு ஏறக்குறைய 8 மீற்றராகும். வீட்டு ஈ பறக்கும் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 2 மீற்றரே. அந்துப்பூச்சி அதனினும் மெலிந்த பறவையாளி. ஆகவே வேகம் குன்றாத காற்றை எதிர்த்து இவை உள்ளே வருதல் அரிது.

ஆனால் "வேகம் குன்றாத" என்பதையே நாம் கவனித்தல் வேண்டும். பிளவை விட்டு நீங்கிய காற்று, கீழே இறங்க இறங்க வலுவிழக்கும். ஆளுயர வாயிலுக்கு அமைந்த கருவியை லொறி நுழையும் உயர்ந்த வாயிலிற் பூட்டினால், மேலே புயலும் கீழே தென்றலுமாக இருக்கும்; பூச்சி கீழ்வழியே நுழையும். கருவி வாயிலின் அகலத்தினும் ஒரு சாணேனும் குறைந்திருந்தால் அந்தச் சாண் இடைவெளியே பூச்சியின் வழியாகிவிடும். பிளவு சற்றே வெளிப்புறமாகச் சாய்ந்திருத்தல் வேண்டும்; உட்புறமாகச் சாய்ந்தால் வெளியே நிற்கும் பூச்சியைக் கருவியே உள்ளே அழைத்துக்கொள்ளும். சிறுபோகக் காலத்தில் தம்புள்ளை, கலேவெலைப் பக்கங்களில் வீசும் தென்மேற்குக் காற்று நேரே தாக்கும் வாயிலாயின், வெளிக்காற்றே திரையைக் கிழித்து உள்ளே பாயும். எதிர்ப்புறத்து யன்னல் திறந்திருந்தால் இக்குறை இன்னும் மிகும்.

பூச்சி எவ்வழியே வருகின்றது?

இனிக் களஞ்சியத்தை நோக்குவோம். நெல்லைக் கெடுக்கும் அந்துப்பூச்சி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு தேசத்தின் அங்குமுவா மாகாணத்தில் இப்பூச்சி தானியத்தைப் பாழ்படுத்திய காலத்தில், டுகமெல் டு மொன்சோ, தில்லே என்னும் அறிஞர் இருவர் அங்கே சென்று ஆராய்ந்து 1762 ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டனர். அம்மாகாணத்தின் பெயரே ஆங்கிலத்தில் இப்பூச்சிக்கு இன்றும் வழங்குகின்றது. இப்பூச்சியைப் பற்றிக் கமக்காரர் மனத்திற் பதிக்கவேண்டிய உண்மை யாதெனில், அது களஞ்சியத்தில் மட்டுமன்றி, வயலில் முற்றி நிற்கும் கதிரிலும் முட்டையிடும் என்பதே. முட்டையிலிருந்து வெளிவரும் புழு மணியைத் துளைத்து உட்சென்று, வளர்ச்சி முடியும்வரை மணிக்குள்ளேயே தங்கும். அத்தகைய மணி பார்வைக்கு நல்ல நெல்லாகவே தோன்றும். அது மூடையிலேறி வாயிலைக் கடந்து உள்ளே வரும்போது, மேலே எவ்வளவு காற்று வீசினும் பயனில்லை. பகைவன் மாறுவேடத்திற் கோட்டைக்குள் வந்துவிட்டான்.

பிற பூச்சிகளின் வழியும் இத்தகையதே. நீண்ட மூக்குடைய அரிசி வண்டு பறக்க வல்லதாயினும் பெரும்பாலும் ஊர்ந்தும், பழைய சாக்கின் தையலில் ஒளிந்தும், சென்ற போகத்தின் மிச்ச நெல்லிற் பெருகியுமே புதிய விளைவைச் சேர்கின்றது. மணியைத் துளைக்கும் சிறு உருளை வண்டு நன்றாகப் பறக்கும். ஆயின் அது கதவைத்தான் தேடி வரவேண்டுமென்பதில்லை. கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளியும், உடைந்த ஓடும், பலகையின் வெடிப்பும் அதற்குப் போதும். கௌபி, பயறு முதலியவற்றைத் துளைக்கும் வண்டு, தோட்டத்திற் காய் முற்றும்போதே அதன்மேல் முட்டையிட்டுவிடும். பாகல், புடோல், வெள்ளரி ஆகியவற்றைக் கெடுக்கும் பழ ஈயும் கொடியிலேயே தன் வேலையை முடித்துவிடுகின்றது. சந்தைக் கொட்டகையின் வாயிலில் அதனை மறித்து ஆவதொன்றில்லை.

எனவே, வாயில் வழியே பறந்து வரும் பூச்சி, களஞ்சியத்துப் பூச்சிகளுள் ஒரு பகுதியே. அந்த ஒரு பகுதிக்காகப் பெரும்பணம் செலவிட்டு, மற்றவற்றுக்கு வழியைத் திறந்து வைத்தல் ஓட்டைப் பானைக்கு வெள்ளி மூடி இடுவதை ஒக்கும்.

முன்னோர் கண்ட முறை

இம்மாவட்டத்துச் சிங்களக் கிராமங்களில் "வீ பிஸ்ஸ" எனப்படும் நெற்கூடுகளை இன்னும் ஆங்காங்கே காணலாம். கற்களின்மேல் உயர்த்தி, வரிச்சுகளாற் பின்னி, களிமண் பூசி மெழுகி, வைக்கோலால் வேய்ந்த கூம்புக் கூரை வைத்த வட்டமான கூடு அது. கல்லின்மேல் நிற்பதால் நிலத்தீரம் ஏறாது, எலிக்கும் எளிதன்று. மண்ணால் மெழுகியதால் வெடிப்பு இராது. நெல்லை இடுவதும் எடுப்பதும் மேலிருந்தே. நிலத்தோடு ஒட்டிய வாயில் இல்லை. மின்சாரத்தை அறியாத அம்மக்கள், பூச்சியைத் தடுக்கும் கலையின் முதற்பாடத்தை நன்கறிந்திருந்தனர். திறப்புகளைக் குறைப்பதே அப்பாடம். காற்றுத்திரை இதற்கு அடுத்த பாடம்; குறைக்க முடியாத திறப்புக்கு மட்டும் உரியது. முதற்பாடத்தைக் கல்லாதவர்க்கு அடுத்த பாடம் உதவாது.

தனிக் கமக்காரர் முதலிற் செய்யவேண்டியவை

உச்சி வேளையில் உங்கள் நெல்லறைக்குள் நின்று கதவைச் சாத்திப் பாருங்கள். எவ்விடங்களில் வெளிச்சம் தெரிகின்றதோ அவ்விடங்களெல்லாம் பூச்சி வரும் வழிகளே. அவ்வெடிப்புகளைச் சாந்தினாலோ களிமண்ணினாலோ அடையுங்கள். காற்றோட்டத்துக்கு வேண்டிய யன்னலுக்கும் கூரையோரத்து வெளிக்கும் கம்பி வலை அடியுங்கள். வலையின் கண் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாதிருப்பின் அந்துப்பூச்சியும் பெரும்பாலான வண்டுகளும் நுழையா. கதவின் கீழுள்ள இடைவெளிக்கு ஒரு இறப்பர்ப் பட்டை போதும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு காற்றுத்திரையின் விலையில் ஒரு சிறு பங்கே.

புதிய நெல் வருமுன் அறையைப் பெருக்கி, மூலையிலுள்ள பழைய மணிகளையும் தூசியையும் அகற்றி எரித்துவிடுங்கள். பழைய சாக்குகளைக் கொதிநீரில் அமிழ்த்தி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பழைய நெல்லையும் புதிய நெல்லையும் ஒருங்கே அடுக்காதீர்கள். மூடைகளை நிலத்தில் வையாது மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு முழந் தள்ளி அடுக்குங்கள்.

யாவற்றினும் முதன்மையானது காய்ச்சல். உணவு நெல்லின் ஈரப்பதம் 14 வீதத்துக்கும், விதை நெல்லின் ஈரப்பதம் 13 வீதத்துக்கும் மேற்படலாகாது. இயந்திரத்தால் அறுத்த நெல் ஈரத்தோடு வருவதால், அறுவடை நாளன்றே மூடை கட்டி அடுக்கும் வழக்கம் பெருந்தீங்கு தரும். நன்கு காய்ந்த மணி பல்லிடைப்பட்டால் நொறுங்கி ஒலிக்கும், ஈரமணி நசுங்கும். உலர்ந்த மணியிற் பூச்சி மெல்லப் பெருகும், பூஞ்சணம் பிடிக்காது.

விதை நெல்லுக்குக் காற்றுப்புகாப் பை மிகச் சிறந்தது. பிலிப்பைன்சு நாட்டிலுள்ள சருவதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதனைப் பரப்பியது. உலர்ந்த நெல்லை இட்டு வாயை இறுகக் கட்டினால், உள்ளிருக்கும் பூச்சியும் மணியும் மூச்சு விடுவதால் பைக்குள் 21 வீதமாயிருந்த ஒட்சிசன் 5 வீதத்துக்கும் கீழே இறங்கும்; பூச்சி மூச்சின்றி மடியும். வயலிலேயே மணிக்குட் புகுந்த புழுவுக்கும் இதுவே மருந்து. நஞ்சில்லை, மின்கட்டணமில்லை. ஆயின் ஈரநெல்லை இதில் இட்டாற் பூஞ்சணம் பிடிக்கும். எலி கடித்த பை பயன்படாது.

மாதத்துக்கு ஒருமுறை மூடைகளிலிருந்து நூறு மணிகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். துளைபட்டவை எத்தனையென்று சுவரில் எழுதி வையுங்கள். எண் ஏறத் தொடங்கின், வெயிலிலிட்டுப் புடைக்கவேண்டிய காலம் வந்துவிட்டதென அறியலாம். பூச்சி பெருகிய பின் உணவு நெல்லின்மேற் கண்ட கண்ட மருந்தைத் தூவுவது பூச்சியினும் கொடிய கேட்டை வீட்டுக்குட் கொண்டுவரும்.

காற்றுத்திரைக்கு உரிய இடம்

இவ்வாறு கூறுவதால் காற்றுத்திரையை நாம் பழிக்கின்றோம் என்று எவரும் எண்ணலாகாது. அது ஆடம்பரப் பொருளெனத் தள்ளிவிடுவோரும் உளர். அவர் கருத்தும் எமக்கு உடன்பாடன்று. நாள் முழுவதும் ஆளும் பண்டமும் போய்வருவதால் மூடி வைக்க முடியாத வாயில்கள் சிலவுண்டு. கம்பி வலைக் கதவு அங்கே நிலைக்காது. ஒரு வாரத்திற் கழற்றி மூலையிற் சாத்தப்பட்டுவிடும். அத்தகைய வாயிலுக்கே காற்றுத்திரை ஏற்றது.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999 ஆம் ஆண்டில் தொடங்கிய காலந்தொட்டு நாட்டின் பல பாகத்து மரக்கறிகள் எமது மாவட்டத்தின் வழியாகவே செல்கின்றன. 2025 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 5 ஆந் திகதி, இந்திய அரசின் உதவியுடன் கட்டப்பட்ட 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள வெப்பநிலை கட்டுப்படுத்திய களஞ்சியமும் தம்புள்ளையிற் திறந்து வைக்கப்பட்டது. இத்தகைய குளிர்க்களஞ்சியங்களின் வாயில்களிற் காற்றுத்திரை இரு தொண்டு புரியும். பூச்சியைத் தடுப்பது ஒன்று. வெளியிலுள்ள சூடான ஈரக்காற்று உட்புகாது தடுத்துக் குளிரையும் மின்சாரத்தையும் காப்பது மற்றொன்று.

அரிசி ஆலைகளில் அரிசியைப் பொதிசெய்யும் அறை, மரக்கறியைக் கழுவி நறுக்கிப் பொதிசெய்யும் அறை, ஏற்றுமதிக்குக் காய்களைத் தெரிந்தெடுக்கும் அறை ஆகியவையும் இவ்வகையினவே. பொதிக்குள் ஒரு பூச்சி காணப்பட்டால், திருப்பி அனுப்பப்படுவது அந்தப் பொதி மட்டுமன்று. அவ்வூர்க் கமக்காரரின் நற்பெயரும் அதனோடு திரும்பும். உணவு கையாளும் அறையில் நஞ்சு தெளித்து ஈயை அழிப்பதினும், காற்றால் அதனை வாயிலிலே நிறுத்துவது பலமடங்கு நன்று.

பொலித்தீன் கூடாரங்களில் கறிமிளகாயும் தக்காளியும் செய்வோர்க்கும் ஒரு சொல். இலைச்சுருளைப் பரப்பும் வெண் ஈ அரை மில்லிமீற்றர் இடைவெளியிலும் நுழையவல்லது. ஆதலின் அதனினும் நுண்ணிய வலையும், ஒரு கதவைச் சாத்திய பின்னரே மற்றதைத் திறக்கும் இரட்டைக் கதவு முன்னறையுமே அங்கு முதற்காவல். மின்சார வசதியிருப்பின், உட்செல்வோர்மேல் வெளிநோக்கி வீசும் விசிறியொன்றை அம்முன்னறையில் வைக்கலாம். அது எளிய காற்றுத்திரையாக உதவும். ஆயினும் உடையிலும் கூடையிலும் ஒட்டி வரும் பூச்சியைக் காற்று முற்றாக நீக்காது.

வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள்

கமக்காரர் அமைப்பின் பொதுப்பணம் பலரின் வியர்வை. அதனைக்கொண்டு இக்கருவியை வாங்க எண்ணும் நிருவாகிகள் பொதுக்கூட்டத்திற் பின்வருவனவற்றைக் கேட்டல் வேண்டும். கட்டடத்தின் மற்றெல்லாத் திறப்புகளும் அடைக்கப்பட்டனவா? வாயிலின் உயரமும் அகலமும் அளந்து அதற்கேற்ற கருவியா கொள்ளப்படுகின்றது? நிலத்திலிருந்து 3 அடி உயரத்திற் காற்றின் வேகம் எவ்வளவு என்று விற்பவர் எழுத்தில் உறுதி தருவாரா? கதவு திறக்கும்போது தானே இயங்கும் ஆளி உண்டா? பழுதுபட்டால் திருத்துவோர் அண்மையில் உளரா?

மின்கட்டணத்தையும் முன்னரே கணக்கிடுக. அரைக் குதிரைவலு மோட்டார் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் ஓடினால் ஏறக்குறைய 4 அலகு மின்சாரம் செல்லும். 30 நாட்களில் 120 அலகாகும். இச்செலவுக்கு அஞ்சி நிறுத்தி வைக்கப்படும் காற்றுத்திரை, திறந்து கிடக்கும் கதவேயன்றி வேறன்று. மின்தடை ஏற்படும் வேளைக்கும் இது பொருந்தும். ஆகவே சாத்தக்கூடிய நல்ல கதவொன்று எப்போதும் இருத்தல் வேண்டும்.

பூட்டிய பின் வேலை சரியா என அறிவதற்கு வழியுண்டு. ஒரு கோலில் மெல்லிய கடதாசிக் கீற்றுகளைக் கட்டி, வாயிலின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம்வரை முழங்காலளவில் நகர்த்திப் பாருங்கள். எல்லாக் கீற்றுகளும் வெளிப்புறமாக வளைந்தாற் திரை முழுமையானது. ஓரிடத்திற் கீற்று அசையாது தொங்கினால் அவ்விடமே பூச்சியின் வழி. மாதந்தோறும் விசிறியிலுள்ள தூசியை அகற்றுக. உமித்தூசி நிறைந்த அரிசி ஆலையில் வாரந்தோறும் அகற்றுதல் நன்று. விளக்கையும் கவனிக்க. வாயிலின் மேலே வெண்ணிற விளக்கை எரியவிட்டு, கபிலநிறத் தத்தியும் பிற பூச்சிகளும் வந்து மொய்த்த பின் அவற்றைக் காற்றால் துரத்துவது அறிவுடைமையன்று. விளக்கை வாயிலுக்கு அப்பால் நிறுத்தி, மஞ்சள் ஒளியை வாயிலை நோக்கி விழச் செய்க. கொட்டகையின் அருகில் அழுகிய கோவா இலையும் தக்காளியும் குவிந்து கிடப்பின், ஈக்கு நாமே விருந்து வைத்து அழைத்தவராவோம்.

முடிவாக, கமக்காரர்களே, நாம் கூறுவது இதுவே. கருவி எதுவாயினும் அது நம் அக்கறைக்குத் துணையாகுமேயன்றி அக்கறைக்குப் பதிலாகாது. வெயிலும் துடைப்பமும் களிமண்ணும் கம்பி வலையும் செய்யவேண்டிய வேலையை அவற்றையே செய்யவிடுங்கள். அவை முடிந்த பின்னும் மூடமுடியாத வாயிலொன்று எஞ்சுமாயின், அங்கே பலர் கூடிப் பணமிட்டுக் காற்றுத்திரையை நிறுத்துங்கள். ஐயமுள்ளோர் தமது பிரிவின் விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கட்டடத்தைக் காட்டி ஆலோசனை பெறுக. 1920 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தும் வினவலாம். அடுத்த போகத்து நெல் வருமுன் உங்கள் நெல்லறையின் கதவை ஒருமுறை சாத்தி உள்ளே நின்று பாருங்கள். எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதை அங்கே தெரியும் வெளிச்சமே காட்டிவிடும்.